ஒரு டபிள் ஃபோல்ட்டோடு மகன் உடைந்துபோகிறான், என்ன செய்யலாம்?

கல்லடியில் டெனிஸ் பழகும் மகன் ஒரு டபிள் ஃபோல்ட்டுக்குப் பிறகு, அதாவது புள்ளியைத் தொடங்கும் சேர்வ் இரண்டு தரமும் தவறி அந்தப் புள்ளி போன பிறகு, செட்டையே விட்டுவிடுகிறான் என்கிறீர்கள். முதலில் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்: ரொஜர் பெடரர் ஆடிய 1526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறத்தாழ 80 சதவீதம் வென்றார், புள்ளிகளிலோ 54 சதவீதம்தான். "நான் வெல்பவன்" என்ற நினைப்பு ஒவ்வொரு புள்ளி போகும்போதும் உடையும். "அடுத்த பந்துக்குத் தயாராக நிற்பவன் நான்" என்பதுதான் தாங்கும்.

புள்ளிகளுக்கு இடையே 25 செக்கன் உண்டு. வலைக்கு முதுகைக் காட்டி, ரக்கெட்டின் ஸ்ட்ரிங்கைப் பார்த்து, மூச்சை நீளமாக விடட்டும். சேர்வ் எங்கே விழவேண்டும் என்று முடிவெடுத்து, பந்தை நாலு தரம் தட்டிவிட்டு அடிக்கட்டும். மட்டக்களப்பு வெயிலில் களைத்தவன் முதலில் கைவிடுவது இதைத்தான். அவசரத்தில் பந்தைத் தாழ்வாக எறிவான், சேர்வ் வலையில் மோதும்.

வீட்டுக்கு வந்ததும் "வெண்டியா மகன்?" என்று கேட்காதீர்கள். புள்ளி போன பிறகு என்ன செய்தான் என்று கேளுங்கள்.