ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்க ஓட்டெடுப்பு: அமெரிக்க அனுபவம் – கேள்வி பதில்

கேள்வி (கோவை வாசகர்): அமெரிக்காவில் ஆங்கிலம்தானே நடக்கிறது? அதற்கு எதற்கு ஓட்டெடுப்பு?

பதில்: அந்நாட்டு அரசியலமைப்பில் ஆட்சிமொழி என்று எதுவும் குறிப்பிடப்படவில்லை. ஸ்பானிஷ் பேசுவோர் பெருகி, வாக்குச்சீட்டு வரை அந்த மொழி வந்ததும் ஒரு சாராருக்குக் கலக்கம். 1983இல் முன்னாள் செனட்டர் ஹயகாவாவும் குடியேற்றக் கட்டுப்பாட்டை வலியுறுத்திவந்த ஜான் டான்டனும், ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்க ‘யு.எஸ். இங்கிலீஷ்’ அமைப்பைத் தொடங்கினார்கள். வாஷிங்டனில் காரியம் நடக்கவில்லை. அதனால் மாநிலங்களில் நேராக மக்களிடமே போனார்கள்.

கேள்வி (திருச்சி வாசகர்): சட்டமன்றம் இல்லாமல் அது எப்படி முடியும்?

பதில்: எல்லா மாநிலத்திலும் முடியாது. கலிபோர்னியாவில் முடியும். முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 8 சதவீத அளவுக்கு வாக்காளர் கையெழுத்து திரட்டினால், அரசியலமைப்புத் திருத்தமே வாக்குச்சீட்டில் ஏறிவிடும். 1986இல் அப்படி வந்த 63ஆம் முன்மொழிவுக்கு 73 சதவீத ஆதரவு. 1988இல் புளோரிடாவில் 84.

கேள்வி (மதுரை வாசகர்): இவ்வளவு ஆதரவு இருந்தால் அதோடு விஷயம் முடிந்ததே?

பதில்: இல்லை, அப்புறம்தான் சிக்கலே. அரிசோனாவைப் பாருங்கள். 1988இல் நூலிழையில் ஜெயித்த திருத்தம், அரசு ஊழியர்கள் அலுவல் நேரத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே செயல்பட வேண்டும் என்றது. மருத்துவத் தவறுகளுக்கு இழப்பீடு கேட்டு வரும் மனுக்களைக் கவனித்த ஓர் ஊழியர், ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்தவர்களிடம் அதுவரை ஸ்பானிஷிலேயே பேசிவந்தார். சட்டம் வந்ததும் வேலைக்கு ஆபத்து என்று அஞ்சி அதை நிறுத்தினார், வழக்கும் போட்டார். அவர் வேலையை விட்டுவிட்டதால் வழக்குக்கு இனி இடமில்லை என்று 1997இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. ஆனால் வேறொரு வழக்கில், 1998இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தையே பேச்சுரிமைக்கு எதிரானது என்று ரத்து செய்தது. 2006இல் வாசகத்தைத் தளர்த்திக் கொண்டுவந்தபோது சுமார் 74 சதவீதத்தினர் ஆதரித்தார்கள்.

கேள்வி (சேலம் வாசகர்): எங்காவது தோற்றதா?

பதில்: டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில், 2009 ஜனவரியில். சுமார் 57 சதவீதத்தினர் எதிர்த்தார்கள். மேயரும் வணிகர்களும் எதிர்ப்பக்கம் நின்றது பெரிய பலம்.

கேள்வி (சென்னை வாசகர்): ஆங்கிலமே ஆட்சிமொழி என்று டிரம்ப் அறிவித்துவிட்டாரே, இனி ஓட்டெடுப்பு எதற்கு?

பதில்: 2025 மார்ச் 1 அன்று அவர் போட்டது நிர்வாக ஆணை. அடுத்த அதிபர் நினைத்தால் நீக்கிவிடலாம். மாநில அரசியலமைப்பில் ஏறிய வரியை அப்படி நீக்க முடியாது.

கேள்வி (அதே வாசகர்): உங்கள் கருத்து?

பதில்: குடியேறியவர்கள் ஆங்கிலம் கற்பது அவர்களுக்கே நல்லது. ஆனால் கலிபோர்னியாவின் திருத்தம், அதை மாநில அரசு மீறினால் வழக்குப் போடும் உரிமையைத் தந்ததே தவிர, ஆங்கில வகுப்புக்கு என்று ஒரு வரிகூட அதில் இல்லை. எனக்கு அதில்தான் கோபம்.