ஹைடா, ஸ்கின்னா?

கேள்வி: தோல் ஷாப் ஒன்றில் கணக்கு எழுதும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வெளிநாட்டுக் கடிதங்களில் ஓரிடத்தில் ‘ஹைட்’ என்றும் இன்னோரிடத்தில் ‘ஸ்கின்’ என்றும் வருகிறது. இரண்டும் தோல்தானே? மாற்றி எழுதினால் என்ன ஆகும்?
– வாசகி, பேரணாம்பட்டு

பதில்: தமிழில் தோல் என்ற ஒரே சொல் போதும், முன்னால் ஆடு, மாடு என்று சேர்த்துக்கொள்கிறோம். ஆங்கிலத் தோல் வியாபாரத்தில் பெரிய உருப்படியான பசு, எருமைத் தோல் ஹைட். வெள்ளாடு, செம்மறித் தோல் ஸ்கின். கன்றுக்குட்டி மாட்டு இனம்தான் என்றாலும் அதன் தோல் சிறியது, மெல்லியது. அதனால் ‘காஃப் ஸ்கின்’. நீங்கள் பசுத்தோலை ‘ஸ்கின்’ என்று எழுதினால், வாங்குபவர் கன்றுத்தோலை எதிர்பார்க்க இடமுண்டு. அதன் கனமும் வேறு, விலையும் வேறு.

இதைவிட அதிகம் தடுக்கி விழவைப்பது ‘சைட்’. மாட்டுத்தோலைக் கையாள வசதியாக முதுகுக்கோட்டோடு இரண்டாக வெட்டுவார்கள். ஒவ்வொரு பாதியும் ஒரு சைட். 500 சைட் என்றால் 250 மாட்டுத்தோல்தான். ஆட்டுத்தோல் முழுசாகவே போகும். போனில் ஹைட், சைட் இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும். ஆகவே ஆர்டரை எழுத்தில் வாங்குங்கள். சரக்கு அளந்து வந்ததும் மொத்தச் சதுர அடியை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஆட்டுத்தோல் பெரும்பாலும் 3 முதல் 6 சதுர அடிக்குள் நிற்கும். மாட்டுத்தோல் அதைப்போலப் பல மடங்கு. வழக்கமாக வரும் மாட்டுத்தோல் அளவில் பாதிதான் வருகிறது என்றால், யாரோ சைடை ஹைட் என்று எண்ணியிருக்கிறார்கள்.

பழைய கணக்குகளில் ‘கிப்’ என்றும் பார்ப்பீர்கள். மேல்நாட்டில் அது கன்றுக்கும் வளர்ந்த மாட்டுக்கும் இடைப்பட்ட தோல். நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்டு அனுப்பிய ‘ஈஸ்ட் இந்தியா கிப்’ அப்படியல்ல. வளர்ந்த நாட்டுமாட்டின் தோல்தான், நம் மாடு உருவில் சிறியது என்பதால் அந்தப் பெயர்.

‘ஸ்கின்’ என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். அது வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் பொதுச்சொல். ஆனால் ஏற்றுமதிக் குறியீட்டில் இரண்டும் வெவ்வேறு. பதனிட்டு க்ரஸ்ட் (உலர்த்தியது, ஆனால் கடைசி மெருகேற்றாதது) வரை வந்த செம்மறித்தோல் 4105, வெள்ளாட்டுத்தோல் 4106. ஃபினிஷ், அதாவது கடைசி மெருகும் முடிந்துவிட்டால், அதே வரிசையில் 4112, 4113. அதனால் இன்வாய்சில் ‘கோட் ஸ்கின்’, ‘ஷீப் ஸ்கின்’ என்று விலங்கின் பெயரையும், பக்கத்திலேயே அது வெட் ப்ளூவா (குரோமில் பதனிட்ட ஈரத்தோல்), க்ரஸ்ட்டா, ஃபினிஷா என்பதையும் எழுதுங்கள்.