ஹை ப்ரோட்டீன் சாக்லேட் ஐஸ்க்ரீம் மெஷின்ல போட்டும் மாவு மாவா உதிருது, க்ரீமியா வர என்ன பண்ணணும்?

நீங்க போட்டிருக்கற லிஸ்டைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிஞ்சிடுச்சு. கொழுப்பு எடுத்த பால், ரெண்டு ஸ்கூப் வே பவுடர் (பால் திரிஞ்சா பிரியற தண்ணில இருந்து எடுக்கற ப்ரோட்டீன்), கோகோ, இனிப்புக்கு நாலு சொட்டு ஸ்டீவியா, ஒரு நாள் ஃப்ரீசர், அப்புறம் உறைஞ்ச கட்டியைச் சீவற மெஷின். நானும் ரெண்டு மாசம் இதையேதான் செஞ்சிட்டிருந்தேன், டப்பாவைத் திறந்தா மரத்தூள் மாதிரி உதிரி உதிரியா நிக்கும், வாயில போட்டா முதல்ல ஜில்லுனு தண்ணி, அப்புறம் பவுடர் போய் அண்ணத்துல ஒட்டிக்கும். மெஷின்ல கோளாறு இல்லங்க, கலவைலதான் இருக்கு.

பால்ல 87 சதவீதம் தண்ணி. சாதாரண ஐஸ்க்ரீம்ல அந்தத் தண்ணி மொத்தமும் கல்லா உறையாம பார்த்துக்கறது சர்க்கரை, சுமாரா 15 சதவீதம் இருக்கும், நாக்குல வழுக்கிட்டுப் போறதுக்கு கொழுப்பு. நாம டயட்டுனு சொல்லி ரெண்டையும் எடுத்துட்டு அந்த இடத்துல ப்ரோட்டீன் பவுடரைக் கொட்டறோம், ஆனா அந்த ரெண்டு வேலையையும் பவுடரால முழுசா செய்ய முடியாது. ஸ்டீவியா இனிப்பு மட்டும்தான் தரும், நாலு சொட்டு எந்தத் தண்ணியையும் உறையாம தடுக்காது. அதனால ஃப்ரீசர்ல மைனஸ் 18 டிகிரில அது கிட்டத்தட்ட பால் வாசனை அடிக்கற ஐஸ் கட்டிதான், அதைச் சீவினா தூள்தானே வரும்.

பவுடர் விஷயத்துல இன்னொண்ணு. வே தண்ணியை அவ்வளவா இழுத்துக்காது, கலவை நீர்த்தே இருக்கும். பால்ல இருக்கற இன்னொரு ப்ரோட்டீனான கேசீன் அப்படி இல்ல, ஊறி புட்டிங் மாதிரி கெட்டியாகும், தனியா கேசீனை மட்டும் போட்டாலோ சுண்ணாம்பு மாதிரி வாய் வறண்டுபோகும். ரெண்டும் பாதி பாதி கலந்தா அருமையா இருக்கு. கேசீன் வாங்க இஷ்டமில்லன்னா கொழுப்பு எடுத்த பால் பவுடர் ரெண்டு ஸ்பூன் சேருங்க, பால்ல இருக்கற ப்ரோட்டீன்ல 80 சதவீதம் கேசீன்தான், வேலை நடந்துடும். அதுக்கு மேல போடாதீங்க, லாக்டோஸ் (பால்ல இருக்கற சர்க்கரை) அதிகமாகி மணல் மாதிரி நறநறங்கும்.

இப்ப நான் செய்யற அளவு, 473 மில்லி டப்பாவுக்கு: ஃபுல் க்ரீம் பால் 300 மில்லி, ஃப்ரெஷ் க்ரீம் ரெண்டு டேபிள்ஸ்பூன், வேயும் கேசீனும் கலந்து 30 கிராம், கோகோ 20 கிராம், பால் பவுடர் 15 கிராம், சர்க்கரை 30 கிராம், சாந்தன் கம் (கலவையைக் கெட்டியாக்கற பவுடர்) கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. பவுடர் பாக்கெட்டைப் பொறுத்து மொத்தம் 40 கிராமுக்குக் கொஞ்சம் மேல ப்ரோட்டீன் வரும், ரெண்டு பேர் சாப்பிட்டாலும் ஆளுக்கு 20. சர்க்கரையே வேண்டாங்கறவங்க அல்லுலோஸ் போடலாம், இனிப்பு கொஞ்சம் கம்மி ஆனா சர்க்கரையை விட நல்லாவே இளக்கமா வெச்சிருக்கும். எரித்ரிட்டால் மட்டும் எனக்குப் பிடிக்கல, குளிர்ல திரும்பப் படிகமாகி பல்லுல கடிபடுது.

கோகோவை நேரா மிக்ஸில கொட்டிடறவங்கதான் அதிகம், அங்கதான் சாக்லேட் ருசியே போகுது. ஒரு சின்ன பாத்திரத்துல கோகோ, சர்க்கரை, உப்பு, சாந்தன் கம் நாலையும் காஞ்சபடியே கலந்துக்கோங்க (சாந்தன் தனியா விழுந்தா கட்டி தட்டும்). சூடான பாலை ஒவ்வொரு ஸ்பூனா விட்டு குழைங்க. முதல்ல ஈரமண்ணு மாதிரி திரிதிரியா இருக்கும், கை விடாம குழைச்சுட்டே இருந்தா ஒரு கட்டத்துல சட்டுனு இளகி கறுப்பா பளபளன்னு வரும், கரண்டியைத் தூக்கினா நாடா மாதிரி விழும். அப்ப மீதி பாலை ஊத்தி அடுப்புல ஒரு நிமிஷம் கொதிக்க விடுங்க, வீடே சாக்லேட் வாசனை அடிக்கும். நல்லா ஆறின பிறகுதான் ப்ரோட்டீன் பவுடர். சூட்டுல போட்டா வே திரிஞ்சு திப்பி திப்பியா ஆயிடும், எத்தனை அடிச்சாலும் சரியாகாது. க்ரீம், பால் பவுடரையும் அப்பவே சேர்த்து அடிச்சுட்டு ருசி பாருங்க, கொஞ்சம் தூக்கலா இனிச்சாதான் உறைஞ்ச பிறகு சரியா இருக்கும், குளிர்ல இனிப்பு அடங்கிடும்.

அடிச்ச உடனே நுரை கட்டும். ஃப்ரிட்ஜ்ல ஒரு ரெண்டு மணி நேரம் வெச்சு நுரை அடங்கினப்புறம், கோகோ அடில தங்காம ஒரு கலக்கு கலக்கி டப்பாவுல ஊத்துங்க, ஊறினதுல கெட்டியும் ஆகியிருக்கும். ஃப்ரீசர்ல டப்பா சாயாம சமமா இருக்கணும், சாய்வா உறைஞ்சா பிளேடுக்கு ஆபத்து. 24 மணி நேரம் முழுசா விடுங்க, நடுவுல மேடு கட்டியிருந்தா சீவி சமமாக்கிட்டு மெஷின்ல மாட்டுங்க.

நான் சொல்றதெல்லாம் நின்ஜா க்ரீமி மாதிரி, உறைஞ்ச கட்டியைச் சீவற மெஷினுக்கு, ரெஸ்டாரண்ட் கிச்சன்ல இருக்கற பாக்கோஜெட் வழில வந்தது. உங்ககிட்ட இருக்கறது சுத்திச் சுத்தி உறைய வைக்கற டைப்னா கலவையை நல்லா ஜில்லுனு ஆக்கி ஊத்துங்க, மெத்துனு வந்த உடனே சாப்பிட்டுடுங்க, ஃப்ரீசர்ல வெச்சா மறுநாள் பாறை.

முதல் சுத்துல தூளா வந்தா பதறாதீங்க. நடுவுல குழி பண்ணி ஒரே ஒரு ஸ்பூன் பால் விட்டு ரீ-ஸ்பின், அதாவது மறுபடி ஒரு சுத்து போடுங்க. அவசரப்பட்டு மூணு ஸ்பூன் ஊத்தினா மில்க்‌ஷேக் ஆயிடும். ஓரத்துல ஐஸா ஒரு வளையம் ஒட்டியிருந்தா அடுத்த தடவை சுத்தறதுக்கு முன்னாடி டப்பாவோட வெளிப்பக்கத்தை அரை நிமிஷம் குழாய்த் தண்ணில காட்டுங்க, போதும்.

இவ்வளவு மெனக்கெடறதுக்குக் காரணம் எங்கப்பா. பல்லு எல்லாம் எடுத்துட்டு பல்செட் பழகற வரைக்கும் அவரால எதையும் மெல்ல முடியல, ஆளு ரொம்ப இளைச்சுட்டார், பவுடரைப் பால்ல கலக்கிக் கொடுத்தா ரெண்டு மடக்கோட வெச்சுடுவார். ஐஸ்க்ரீமா கொடுத்தப்பவும் ஆரம்பத்துல "மருந்து வாசனை வருதுடா"னு தள்ளி வெச்சார். கோகோவைக் கொதிக்க வெச்சு செஞ்ச அன்னிக்கு கிண்ணத்தை வழிச்சுட்டு நீட்டி "இன்னும் ரெண்டு கரண்டி போடு"ன்னார், எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. உங்க வீட்டுலயும் பெரியவங்களுக்காகச் செய்யறீங்கன்னா, கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்கு மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு கொடுங்க.

மிச்சம் இருந்தா கரண்டியால மேல சமமா தட்டி மூடி வைங்க, திரும்ப எடுக்கும்போது கல்லாதான் இருக்கும், மறுபடி மெஷின்ல ஒரு சுத்து விட்டா பழையபடி வந்துடும்.