இரும்பு பம்பரும் சாலையில் நடப்பவரும்

கேள்வி: எங்கள் தெருவில் ஒருவர் தம் புதுக் காரின் முன்னால் கனத்த இரும்புக் கம்பி பம்பர் பொருத்தியிருக்கிறார். இடித்தாலும் வண்டிக்குச் சேதம் வராது என்கிறார். இது சரியா? என் மகன் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிளில் பள்ளிக்குப் போகிறான். லாரிகளுக்கு ஏதேனும் விதி உண்டா?
- ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: அந்த பம்பர் சட்டவிரோதமானது. அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்கு முரணானது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநில அரசுகளுக்கு எழுதியிருக்கிறது. வண்டியில் இப்படி அனுமதியின்றி மாற்றம் செய்பவருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்கிறது.

ஆனால் அபராதத்தைக் காட்டிலும் உங்கள் தெருக்காரரிடம் சொல்ல வேண்டியது வேறொன்று. நடப்பவர்மீது கார் மோதினால் அவருடைய காலும் தலையும் படும் இடங்கள் எவ்வளவு விட்டுக்கொடுக்கின்றன என்று 'ஏஐஎஸ் 100' என்ற இந்திய வாகனத் தரத்தின்கீழ் சோதிக்கிறார்கள். அதற்காகவே பேனட் தகடு நெளியும்படியும், அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கும்படியும், பம்பருக்குப் பின்னால் நுரைப்பட்டை வைத்தும் காரை வடிவமைக்கிறார்கள். நெளிந்த பேனட்டைப் பட்டறையில் நிமிர்த்திவிடலாம். அது நெளிந்ததால்தான் ஒருவருடைய மண்டை தப்பியிருக்கும். அதன் முன்னால் நெளியாத இரும்பைப் பூட்டினால் இத்தனையும் வீண். பெரியவருக்கு இடுப்பில் படும் கம்பி, ஐந்து வயதுக் குழந்தைக்கு நெஞ்சிலோ முகத்திலோ படும் என்பதை அந்த காரின் பக்கத்தில் ஒரு குழந்தை நிற்கும்போது பார்த்தாலே அவருக்கு விளங்கும். அடியின் வேகம் வண்டிக்குள் பரவும் விதமும் மாறிவிடுவதால், காற்றுப்பை உரிய நேரத்தில் விரியாமல் போகவும் கூடும்.

லாரிகளுக்கும் விதி உண்டு. சைக்கிளில் வருபவர் தடுமாறி விழுந்தால் பின்சக்கரத்தின் அடியில் போய்விடாதபடி, முன், பின் சக்கரங்களுக்கு இடையே பக்கவாட்டுத் தடுப்பு இருக்க வேண்டும். அண்மையில் மாதவரத்தில் நின்றிருந்த ஒரு லாரியில் அது மேல்நோக்கி வளைந்து, கயிற்றால் கட்டப்பட்டிருந்ததைப் பார்த்து மனம் பதைத்தது. அப்படியொரு தடுப்பு யாரையும் காப்பாற்றாது. அத்தகைய வண்டியைக் கண்டால் பதிவெண்ணைக் குறித்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். பக்கத்தில் வரும் சைக்கிளை உணர்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய லாரிகளுக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது. இங்கும் அது வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதுவரை மகனிடம் இதைச் சொல்லிவையுங்கள்: நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்ந்திருப்பதால், லாரியின் இடப்பக்கத்தை ஒட்டி வரும் சைக்கிள் அவர் கண்ணில் படுவது கடினம். சிக்னலில் நிற்கும் லாரியின் இடப்புறச் சந்தில் புகாமல் பின்னாலேயே நிற்க வேண்டும். லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தெரியவில்லையென்றால், அவருக்கும் இவன் தெரியவில்லை என்றே கொள்ள வேண்டும்.