சாப்பாட்டுக்கடை, பேக்கரி காஸ்: கேள்வி பதில்

மாங்குளம், சாப்பாட்டுக்கடை: அண்ணை, குசினியில மேல பெரிய யன்னல் இருக்கு. காஸ் கசிஞ்சா அதால போயிடும்தானே?

போகாது தம்பி. சிலிண்டரில் வாறது புரொப்பேனும் பியூட்டேனும். காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரம். நிலத்தோடை படர்ந்து மேசைக்குக் கீழும் வாய்க்காலுக்குள்ளும் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே பற்றும். 2011 இல் மன்னார்க் கடலுக்கடியில் கண்ட இயற்கை வாயு பெரும்பாலும் மீதேன். அது இலேசு, மேலே எழும், அதுக்குத்தான் மேல் யன்னல். உங்களுக்குத் தேவை வெளிச்சுவரில் நிலமட்டத்தில் துவாரம், எதிரெதிராய் இரண்டு என்றால் இன்னும் நல்லது. எலி, பாம்பு வருமென்று அதைச் சாக்கால் அடைக்கிற கடைகள்தான் கூட. கம்பிவலை அடியுங்கோ, சாக்கை எடுத்துவிடுங்கோ.

பரந்தன், பேக்கரி: கொஞ்ச நேரத்தில சுவாலை குறையுது, சிலிண்டரில பனி பிடிக்குது. சுடுதண்ணி ஊத்தலாமோ?

வேண்டாம். உள்ளே திரவம் ஆவியாகும்போது சிலிண்டர் குளிரும். 12.5 கிலோ சிலிண்டர் தரக்கூடிய ஆவியைவிட அடுப்பு கூட இழுக்குது, அதுதான் அந்தப் பனி. 37.5 கிலோவுக்கு மாறுங்கோ, அல்லது தொழில் தெரிஞ்சவரைக் கொண்டு இரண்டு சிலிண்டரை ஒரே குழாயில் இணையுங்கோ. சரித்துப் படுக்கவைக்கவும் கூடாது: திரவமே குழாயால் வந்து ஏறக்குறைய 250 மடங்காய் விரியும்.

நெடுங்கேணி: வெளிநாட்டில இருந்து வந்த அடுப்பு, இயற்கை வாயுவுக்குச் செய்ததாம். பூட்டலாமோ ஐயா?

அப்படியே பூட்டாதேங்கோ. அதில் காஸ் வெளியே வாற சின்ன முனையின், அதாவது ஜெற்றின், துளை பெரிசு. காஸ் அளவுக்கு மிஞ்சிப் பாய்ந்து, சுவாலை மஞ்சளாய் நீண்டு சட்டி கரிக்கும். காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவும் வரும், அதுக்கு மணமே இராது. அடுப்புச் செய்த கம்பனியின் சிலிண்டர் காஸுக்கான ஜெற்றும், பொருந்திய ரெகுலேற்றரும் கிடைத்தால் மட்டும் பாவியுங்கோ.

கிளிநொச்சி: கசிவை எப்பிடிப் பாக்கிறது? மணம் வந்தா?

சவர்க்காரத் தண்ணியை ரெகுலேற்றர், ஹோஸின் இரண்டு நுனி, அடுப்புத் திருகு எல்லாத்திலும் பூசுங்கோ. குமிழி வாற இடம் கசிவு. நெருப்புக்குச்சியால் ஒருநாளும் பார்க்காதேங்கோ. ஹோஸை மடித்துப் பாருங்கோ, வெடிப்புத் தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கோ.

மணம் வந்தால் அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடி, கதவுகளைத் திறந்து எல்லாரையும் வெளியே அனுப்புங்கோ. எந்தச் சுவிச்சையும் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். இரண்டிலும் பொறி பறக்கும். பிரிட்ஜ் தானாகவே ஓடி நிற்கிற சாமான். அதைச் சிலிண்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் இண்டைக்கே வேறு அறைக்கு மாற்றுங்கோ.