ஏலகிரி டிசம்பர் இரவுக்கு ஸ்லீப்பிங் பேக் வேண்டுமா?

வேலூரிலிருந்து 8 பேர், டிசம்பர் கடைசி, பகலில் கனோ (சிறு துடுப்புப் படகு), ராத்திரி கூடாரம், ஆளுக்கொரு ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து படுக்கும் பை) வாங்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. ஏலகிரி 1,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஊட்டிக் குளிர் கிடையாது. ஆனாலும் வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்பு விடியற்காலை 4 மணிக்கு நடுங்கும். குளிர் தரையிலிருந்துதான் ஏறும். அடியில் வெறும் தார்ப்பாய் என்றால் மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் தூக்கம் வராது. தார்ப்பாய், அதன்மேல் யோகா மேட், அதற்கும் மேல் ஜமக்காளம். படகில் நனைந்த துணியோடு படுக்கவே கூடாது. மாற்றுடுப்பை, காலுறை உட்பட, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

கூடாரம் ஏரிக்கரையை ஒட்டி வேண்டாம். குளிர்காற்று பள்ளத்தில்தான் தேங்கும், காலையில் கூடாரத்துணி உள்பக்கமே சொட்டும். மேட்டில், உரிமையாளர் சம்மதித்த தோட்டமாகப் பாருங்கள். ஏலகிரியின் புங்கனூர் ஏரியில் சொந்தக் கனோ இறக்க விடுவார்களா என்று படகுத்துறையில் முன்னாடியே கேளுங்கள். நீச்சல் தெரிந்தவருக்கும் லைஃப் ஜாக்கெட், கொக்கி மாட்டியபடி.

அப்புறம், டிசம்பரிலும் புயல்மழை வரும். எச்சரிக்கை வந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகளை மழையிருட்டில் இறங்குவது வேண்டாத வேலை.