விடியுமுன் ஏறி, இருட்டியபின் இறங்குவது: மான் பரண் கேள்வி-பதில்

நவம்பர் நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கும். மானுக்காகக் காத்திருக்க மரத்தில் மாட்டும் சிறு மேடையான ட்ரீ ஸ்டாண்டிலோ ஏணிப் பரணிலோ நாள் முழுக்க இறங்காமல் எப்படி உட்காருவது? அமெரிக்காவின் விஸ்கான்சினில் மான் வேட்டைக்கான துப்பாக்கி சீசன் தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பர் நான்காவது வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள், மிச்சிகனில் நவம்பர் 15-இல் தொடங்கி மாதக் கடைசி வரை. அதனால் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

மேடிசனிலிருந்து ஒருவர்: என்னை வேட்டைக்குக் கூட்டிப்போகும் ஆபீஸ் நண்பர்கள் காலை பத்து மணிக்கு இறங்கிச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குத்தான் மறுபடி ஏறுகிறார்கள். நடுப்பகலில் உட்காருவதில் உண்மையிலேயே பலன் உண்டா?

எந்த வாரத்தில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெள்ளைவால் மான் பொதுவாக விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் நடமாடும், அக்டோபர் நடுவில் நீங்கள் வில்லோடு பகல் பூராவும் மரத்தில் இருந்தால் அணில்களைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். நவம்பர் வேறு கதை. பகல் நேரம் குறையக் குறைய மான்களுக்கு இணை சேரும் பருவம் வருகிறது. இங்கே வட மாநிலங்களில் அதன் உச்சம் நவம்பர் நடுவாக்கில். ஒரு பெண் மான் இணைக்குத் தயாராக இருப்பது ஏறத்தாழ ஒரு நாள்தான், அது தவறினால் சுமார் 28 நாள் கழித்துத்தான் அடுத்த வாய்ப்பு. அதனால் ஒரு பெண் மானை விட்டு விலகிய ஆண் மான் அடுத்ததைத் தேடி உடனே கிளம்பிவிடும், அப்போது மணி பதினொன்றா மூன்றா என்று அது பார்ப்பதில்லை.

துப்பாக்கி சீசன் தொடங்கும்போது உச்சம் கொஞ்சம் தாண்டியிருக்கும். ஆனால் அப்போது இன்னொரு காரணம் சேர்ந்துகொள்கிறது: மனிதர்கள். உங்கள் நண்பர்கள் பத்து மணிக்கு இறங்கி வண்டிக்கு நடக்கிறார்கள் இல்லையா, காட்டில் இருக்கிற மற்றவர்களும் அதேபோலத்தான் நடக்கிறார்கள். படுத்திருந்த மான்கள் அந்த நடையில் கலைந்து புதர் அடர்ந்த இடம் தேடி ஓடும். அந்த வழியில் ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அவருக்குத்தான் வாய்ப்பு. தொடக்க வார இறுதி இரண்டு நாளும் முழுதாக உட்காருங்கள் என்பேன். ஒன்பது நாளும் அப்படி உட்காரச் சொல்ல மாட்டேன். களைத்த ஆள் மரமேறுவதும் இறங்குவதும் ஆபத்து, அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கிரீன் பே வாசகர்: அண்ணா, எனக்கு இரண்டு மணி நேரத்திலேயே கால் விரல் மரத்துப்போகிறது. எவ்வளவு தடிமனான சாக்ஸ் போட்டாலும் சரிவரவில்லை.

தடிமனான சாக்ஸ்தான் பிரச்சினையாக இருக்கும். பூட்டுக்குள் விரலை ஆட்ட இடமில்லாமல் இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும், சூட்டைப் பிடித்துவைக்கும் காற்றுக்கும் இடமிருக்காது. ஒரு அளவு பெரிய குளிர்கால பூட், உள்ளே ஒரு நல்ல கம்பளி சாக்ஸ், அது போதும். பருத்தி எதுவும் வேண்டாம், உள்ளாடை உட்பட. பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே இருக்கும், அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே போகும்.

பெரும்பாலானவர்கள் குளிரில் தோற்பது பரணில் இல்லை, பரணுக்கு நடக்கும் வழியில். எல்லா உடுப்பையும் வண்டியிலேயே மாட்டிக்கொண்டு இருட்டில் அரை மைல் நடந்தால் மரத்தடியில் நிற்கும்போது முதுகு நனைந்திருக்கும். விடிந்து ஒரு மணி நேரம் தாங்கும், அப்புறம் நடுக்கம்தான். லேசான உடையில், கொஞ்சம் குளிர்கிறதே என்ற நிலையிலேயே மெதுவாக நடங்கள். கனமான ஜாக்கெட்டை முதுகுப் பையில் கட்டிக் கொண்டுபோய், மூச்சு தணிந்த பிறகு மேலே போட்டுக்கொள்ளுங்கள். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி, அதன்மேல் ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத ஒன்று. இருபது அடி உயரத்தில் காற்று தரையைவிட வேகமாக வீசும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கைச்சூட்டுப் பொட்டலம் என்பது உள்ளே இருக்கும் இரும்புத்தூள் காற்றுபட்டுத் துருப்பிடிக்கும்போது வரும் சூடு. இறுக்கமான பூட்டுக்குள் காற்று கிடைக்காது, அதனால் அங்கே பாதிப் பலன்தான். அதைப் பாக்கெட்டிலோ கைகள் இரண்டையும் நுழைக்கும் மஃப்பிலோ வையுங்கள். கழுத்தையும் தலையையும் மூடினால் உடம்பு மொத்தமும் சூடாக இருக்கும், விரல்களுக்கும் அது உதவும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள். நடுக்கம் கட்டுக்கடங்காமல் வந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஜிப் போட விரல் ஒத்துழைக்கவில்லை என்றாலோ அன்றைய வேட்டை முடிந்தது. விரல் வேலை செய்யும்போதே இறங்கிவிட வேண்டும். நடுக்கம் தானாக நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், அது இன்னும் மோசமான கட்டம். 1940 நவம்பர் 11 அன்று இந்த மத்திய மேற்குப் பகுதியில் காலையில் இதமாக இருந்த வானிலை சில மணி நேரத்தில் பனிப்புயலாக மாறியது. இறந்த சுமார் 150 பேரில் பலர் லேசான உடையில் வாத்து வேட்டைக்குப் போனவர்கள். முந்தின இரவு வானிலை அறிக்கையைப் படிக்காமல் யாரும் கிளம்பக் கூடாது.

மில்வாக்கியிலிருந்து ஒரு பெண் வாசகர்: மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படப் போடும் ஆரஞ்சு உடையைப் பார்த்து மான் ஓடாதா?

ஓடாது. மான் கண்ணில் சிவப்பை உணரும் பகுதி இல்லை, ஆரஞ்சு அதற்கு மங்கலாகத்தான் தெரியும். நீலம்தான் பளிச்சென்று தெரியும், ஆகவே ஜீன்ஸ் வேண்டாம். விஸ்கான்சினில் இடுப்புக்கு மேல் உள்ள வெளியுடையில் பாதிக்குக் குறையாமல் பளீர் ஆரஞ்சோ பளீர் இளஞ்சிவப்போ இருக்க வேண்டும், தொப்பி போட்டால் அதற்கும் இதே விதி. 2016 முதல் இளஞ்சிவப்பும் சட்டப்படி சரி. மான் உங்களைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அசைவால்தான். தலையைத் திருப்பும்போது மெதுவாகத் திருப்புங்கள்.

டுலூத் வாசகர்: பன்னிரண்டு அடி உயர ஏணிப் பரண்தான். அதற்கும் ஹார்னஸ் (விழுந்தால் தாங்கும் பாதுகாப்புப் பட்டை) தேவையா? நாள் முழுக்க அதைக் கட்டிக்கொண்டு உட்காருவது எரிச்சலாக இருக்கிறது.

தேவை. வேட்டைக்காலக் காயங்களில் பரணிலிருந்து விழுவது முன்வரிசையில் இருக்கிறது, தோட்டாவுக்குப் பயப்படுகிற அளவுக்கு நாம் அதற்குப் பயப்படுவதில்லை என்பதுதான் என் வருத்தம். பன்னிரண்டு அடியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிய அதிக நேரம் ஆகாது. உட்கார்ந்திருக்கும்போது விழுகிறவர்களைவிட ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து மேடைக்குக் கால் மாற்றும்போதும் விழுகிறவர்கள் அதிகம். பலர் மேலே போய்ச் சேர்ந்த பிறகு ஹார்னஸைக் கொக்கியில் மாட்டுகிறார்கள், இறங்குமுன் கழற்றிவிடுகிறார்கள். அதாவது, வேண்டிய நேரத்தில் அது இல்லை. இதற்குத்தான் லைஃப்லைன் கயிறு: மரத்தின் மேலே கட்டி அடிவரை தொங்கவிடுவது. தரையில் நிற்கும்போதே ஹார்னஸை அதிலுள்ள புரூசிக் முடிச்சில் (எடை விழுந்தால் கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும் முடிச்சு) மாட்டி, ஏறஏற முடிச்சை மேலே தள்ளிக்கொண்டே போகலாம், திரும்பத் தரையில் கால் வைக்கும்வரை கழற்ற வேண்டாம்.

உட்கார்ந்த பிறகு முடிச்சு தலைக்கு மேலே இருக்க வேண்டும், ஹார்னஸை அதோடு இணைக்கும் வார் தொய்யக் கூடாது. தொய்வு எவ்வளவோ அவ்வளவு தூரம் விழுவீர்கள். விழுந்து தொங்கினால் தொடைப் பட்டைகள் அழுத்தி ரத்தம் காலிலேயே தேங்கிவிடும், சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் ஹார்னஸோடு காலை ஊன்றி நிற்க ஒரு சின்னப் பட்டை தருகிறார்கள், பலர் அதைப் பிரிப்பதுகூட இல்லை. சீசனுக்கு முன் ஒரு பகலில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு ஒருமுறை தொங்கிப் பாருங்கள், அந்தப் பட்டையில் காலை நுழைத்துப் பாருங்கள். எரிச்சல் என்கிறீர்களே, அது பெரும்பாலும் பழைய மாடல் அளவு சரியில்லாததால் வருவது. ஜாக்கெட்டுக்கு மேலே சரியாக இழுத்துக்கட்டினால் சிறிது நேரத்தில் மறந்துபோகும்.

பரணை மரத்தோடு பிணைக்கும், இழுத்து இறுக்கும் ராட்செட் பட்டைகளையும் பாருங்கள். போன வருடம் கட்டி விட்டுவந்தது என்றால் வெயிலில் இற்றிருக்கும், அணில் கடித்திருக்கும், மரம் பருத்து இறுகியிருக்கும். மாற்றிவிடுங்கள், ஒரு பட்டையின் விலை பெரிதில்லை. துப்பாக்கியோடு ஏறாதீர்கள். தோட்டாவை முழுக்க எடுத்துவிட்டு, குழல் உங்களைப் பார்க்காதபடி கயிற்றில் கட்டிவைத்து, மேலே போய் ஹார்னஸோடு உட்கார்ந்தபின் இழுத்துக்கொள்ளுங்கள்.

தூக்கம் வந்தால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். மேலே தூங்கக் கூடாது. கண் சொருகினால் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துக் கயிற்றில் இறக்கிவிட்டு, நீங்களும் இறங்கி மரத்தடியில் கால் மணி நேரம் நில்லுங்கள்.

ரோசெஸ்டர், மினசோட்டா: சாப்பாடு, சிறுநீர், போன். மூன்றுக்கும் வழி சொல்லுங்கள்.

சாப்பாடு: சத்தம் போடாதது. கடலை மிட்டாய், அவித்த முட்டை, சப்பாத்தி ரோல் எல்லாவற்றையும் வீட்டிலேயே பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், அமைதியான காட்டில் சிப்ஸ் பாக்கெட் சத்தம் நீங்கள் நினைப்பதைவிடத் தூரம் போகும். பிளாஸ்கில் சூடான ரசமோ டீயோ கொஞ்சம் கொஞ்சமாக. மது கூடவே கூடாது. துப்பாக்கியும் உயரமும் இருக்கிற இடம் என்பது ஒரு காரணம், தோலில் ரத்தத்தைக் கூட்டி உடம்புச் சூட்டை வெளியேற்றும் என்பது இன்னொன்று. சிறுநீருக்கு அகல வாய் பாட்டில், மூடி இறுகுமா என்று வீட்டில் பார்த்துவிடுங்கள். போனை உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும்.

அதே ஊரிலிருந்து: காலையில் சரியாக இருந்த காற்று பகலில் மாறிவிடுகிறது. ஒரே பரணில் நாள் முழுக்க எப்படி?

இதுதான் முழுநாள் உட்காருவதில் கஷ்டமான பகுதி. மானின் மூக்கை ஏமாற்ற முடியாது, காற்றை வைத்துத்தான் இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். மேடு பள்ளமான நிலத்தில் வானிலை அறிக்கை சொல்லும் காற்று மட்டும் போதாது. விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழியும், வெயில் ஏறினால் சூடாகி மேலே எழும், மாலையில் திரும்பவும் கீழே இறங்கும். பள்ளத்துக்குள் பரண் போட்டால் இந்த மூன்றும் குழம்பி உங்கள் வாசனை நாலு பக்கமும் போகும். முழுநாளுக்கு என்றால், மேட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே, காற்று மறைவான பக்கத்தில், இரண்டு புதர்ப் பகுதிகளை இணைக்கும் குறுகிய வழியைத் தேடுங்கள். பகலில் ஆண் மான்கள் பெண் மான்களின் வாசனை பிடித்துக்கொண்டு போவது அதுபோன்ற வழிகளில்தான். மில்க்வீட் காய்ந்த காயைப் பறித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள், நம்ம ஊர் எருக்கஞ்செடியின் உறவுதான், பஞ்சு அதே மாதிரி இருக்கும். ஒரு இழையைப் பறக்கவிட்டால் அறுபது எழுபது அடி தள்ளிக் காற்று எங்கே திரும்புகிறது என்றுகூடக் கண்ணுக்குத் தெரியும். அது மான் வரும் பக்கம் போகத் தொடங்கினால் அந்தப் பரணை விட்டு இறங்கி வேறு இடம் போங்கள். பிடிவாதமாக உட்கார்ந்து அந்த இடத்தைக் கெடுக்காதீர்கள்.

சிகாகோ பக்கத்திலிருந்து: எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கியோடு போகலாமா?

கூட்டாட்சிச் சட்டப்படி எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். விதிவிலக்கு உண்டு: ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடை இல்லை. நண்பரின் துப்பாக்கியை ஒரு நாள் வாங்கிக்கொள்வதும் இதே சட்டத்துக்குள் வரும், ஆகவே முதலில் உரிமம், அப்புறம்தான் துப்பாக்கியைத் தொடுவது. மாநிலச் சட்டங்கள் தனியாக இருக்கின்றன, இல்லினாய்ஸ் அதில் கண்டிப்பானது. விசா சம்பந்தப்பட்டது என்பதால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும் அந்த வகுப்புக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன்.

கோயம்புத்தூரிலிருந்து: மானைச் சுடுவது பாவம் இல்லையா? நம் நாட்டில் ஜெயில்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானையோ கடமானையோ வேட்டையாடுவது குற்றம், அது அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். இங்கே நிலைமை வேறு. 1900 வாக்கில் கட்டுப்பாடில்லாத வணிக வேட்டையால் வெள்ளைவால் மான் அமெரிக்கா முழுவதும் ஐந்து லட்சம் அளவுக்கோ அதற்கும் கீழோ சுருங்கியது, இன்று சுமார் மூன்று கோடி. அந்த மீட்சிக்கான பணத்தில் பெரும்பகுதி வேட்டை உரிமக் கட்டணத்திலிருந்தும், 1937 சட்டத்தின்படி நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் 11 சதவீத வரியிலிருந்தும் வந்தது. ஓநாய்கள் இல்லாத இடங்களில் மான் பெருகினால் இளமரக் கன்று ஒன்றுகூடத் தலைதூக்காது, சாலை விபத்தும் கூடும். உயிரை எடுப்பது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. அதனால்தான் உறுதியாகத் தெரியாத இலக்கைச் சுடாதீர்கள், சுட்டதை வீணாக்காதீர்கள் என்று ஒவ்வொரு சீசனிலும் சொல்கிறேன்.

ஓ கிளேரிலிருந்து ஒரு சகோதரி: என் கணவர் காலை நாலரைக்குப் போனால் ராத்திரி ஏழு மணிக்குத்தான் வருகிறார், போனும் எடுப்பதில்லை. எப்போது பயப்பட வேண்டும் என்றே தெரியவில்லை.

உங்கள் கேள்வியைத்தான் எல்லா வேட்டைக்காரர்களும் படிக்க வேண்டும். நவம்பர் கடைசியில் உங்கள் ஊரில் சூரியன் மாலை நாலரைக்கு முன்பே மறைந்துவிடும், சுட அனுமதி அதற்குச் சற்று நேரம் பின்னால் வரைதான். அதன்பின் இறங்கி நடக்கும் நேரத்தைச் சேர்த்தால் ஆறு மணிக்குள் ஒரு செய்தி வர வேண்டும். மான் விழுந்து அதைத் தேடிக்கொண்டிருந்தால் நேரமாகலாம், அப்போதும் ஒரு வரி அனுப்ப வேண்டியது அவர் பொறுப்பு. எந்தப் பரண் என்று வரைபடத்தில் குறித்து, வண்டி நிறுத்தும் இடத்தையும் சேர்த்து, கிளம்புமுன் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஏறியதும் ஒரு செய்தி, தரையில் கால் வைத்ததும் ஒரு செய்தி. சிக்னல் இல்லாத காடு என்றால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியோ, அதே காட்டில் இருக்கும் நண்பரோ வேண்டும். பேசி வைத்த நேரம் தாண்டி ஒரு மணி நேரம் ஆகிவிட்டால், முதலில் அந்த நண்பருக்கு, உடனே அவசர உதவி எண் 911-க்கு அழையுங்கள், கவுன்டி ஷெரீஃப் ஆட்களுக்கு இது புதிதில்லை. வரைபடக் குறியை அவர்களிடம் கொடுங்கள். இருட்டில் நீங்களாகத் தேடிப் போக வேண்டாம். அவர் பத்து நிமிடத்தில் நல்லபடியாக வந்து சேர்ந்தால் மறுபடி அழைத்து விவரம் சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.